சர்க்கரைக்கொல்லி

சிறுகுறிஞ்சான் இலை இரண்டை மென்றபின் ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாவில் இட்டுப் பார்த்தவர்க்கே யாம் கூறுவது விளங்கும். சர்க்கரை மணலாகிவிடும், கரகரப்பு இருக்கும், இனிப்பு இராது. உம்மாவின் வற்புறுத்தலால் யாமும் ஒருநாள் மென்று பார்த்து வியந்தோம். உம்மாவுக்கோ அன்றே உறுதி பிறந்துவிட்டது.

"வாயிலேயே சர்க்கரையைக் கொல்லுதே, ரத்தத்துல விட்டு வைக்குமா?"

இக்கொடிக்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் ஒரு பெயருண்டு. வடமொழியில் மதுநாசினி, இந்தியில் குர்மார். காரணப்பெயர் என்று வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆயின் அக்காரணம் நாவோடு நின்றுவிடுவது. இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் ஆற்றலைச் சிறிது நேரம் மறைக்கின்றன. குருதியில் ஓடும் சர்க்கரை வேறு கதை. சொல்லாராய்ச்சியே தொழிலாகக் கொண்ட யாம் இதனை உம்மாவிடம் அன்று எடுத்துரைக்கவில்லை. சிரித்துவிட்டுக் கல்லூரிக்குப் புறப்பட்டோம்.

உறவினர் ஒருவர் கொணர்ந்த இலைப்பொடியை இருவேளையும் உண்டு, மருத்துவர் தந்த மாத்திரைகளைத் தலையணை உறைக்குள் சேர்த்து வந்திருக்கிறார் உம்மா. இரண்டு திங்கள் எவர்க்கும் தெரியாது. செருப்புக் கடித்த புண் ஆறாதபோதே குருதியைச் சோதித்தோம். அளவு முந்நூற்றைக் கடந்திருந்தது. இடக்காற் சிறுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

இலையை இகழ்ந்தோம். உயிர்வேதியியல் துறை நண்பர் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் தந்தபோதுதான் அவ்விகழ்ச்சியும் பிழையெனக் கண்டோம். சென்னைத் தரமணியிலுள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரமும் உடனாய்ந்தோரும் நிகழ்த்தி, 1990இல் வெளியிட்டவை அவை. இலையினின்று பிரித்த சாரத்திற்கு ஜி.எஸ்.4 எனப் பெயரிட்டு, இன்சுலின் தேவைப்படாத 22 நோயாளர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் அளித்தனர். குருதிச் சர்க்கரை குறைந்தது. ஐவர் பழைய மருந்தை விட்டு, இச்சாரம் ஒன்றாலேயே அளவைக் காத்தனர். இன்சுலின் இட்டுக்கொண்டிருந்த 27 பேரிடத்தும் அதன் தேவை குறைந்தது.

எனவே இலையில் ஏதோ இருக்கிறது. ஆயின் அந்த 22 பேரும் தொடங்கியது மாத்திரையோடு சேர்த்தே. கட்டுரையில் 'துணை' என நின்ற சொல், எம் ஊர் வந்து சேர்வதற்குள் 'மாற்று' ஆகிவிட்டது! மேலும், மெய்ம்மருந்து பெறுபவர் யார், போலி பெறுபவர் யார் என்பதை நோயாளரும் மருத்துவரும் அறியாவண்ணம் பலநூறு பேரிடம் நிகழ்த்தும் சோதனையும் அன்று அது.

இலையினின்று மருந்து பிறவாது என்பதன்று எம் கருத்து. ஐரோப்பியர் கைம்மருந்தாகக் கொண்ட கலேகா என்னும் செடியிலுள்ள வேதிப்பொருளின் வழிச் சென்ற ஆய்வே மெட்ஃபார்மினைத் தந்தது. 1922இல் ஆய்வகத்தில் ஆக்கப்பட்ட அது நீரிழிவு மருந்தாக அறிவிக்கப்பட்டது 1957இல். இடையில் 35 ஆண்டுகள். உம்மா தலையணைக்குள் ஒளித்து வைத்ததும் அந்த மெட்ஃபார்மினையே.

இவற்றையெல்லாம் ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின், உம்மாவின் கட்டிலருகே அமர்ந்து எளிய மொழியில் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். துணை, மாற்று என்ற வேறுபாடு அவருக்குப் புரிந்ததாகவே தோன்றியது. பின்னர் வினவினார்:

"அந்த அஞ்சு பேருல நானும் ஒருத்தியா இருக்கக் கூடாதா, வாப்பா?"

மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தோம். விழுங்கும் வரை அங்கேயே நின்றோம்.