இறக்கை முதலில், உடல் பிறகு

கோடை காலத்தில் ஜேர்மனியின் நெடுஞ்சாலைகளில் கார்களுக்குப் பின்னால் இழுபட்டுப் போகும் நீண்ட வெள்ளைப் பெட்டிகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஒடுங்கியவை, ஆளுயரம்கூட இல்லாதவை, ஆனால் 9 மீற்றர் வரை நீளமானவை. என் கணவர் இன்றைக்கும் அவற்றை ‘வள்ளப் பெட்டி’ என்றுதான் சொல்லுவார். உள்ளே இருப்பது வள்ளமல்ல, விமானம். இயந்திரமில்லாத விமானம். கழற்றி, துண்டு துண்டாக அடுக்கி, கட்டி வைக்கப்பட்ட விமானம்.

யாழ்ப்பாணத்தில் உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் வண்டியையும் பெட்டி என்றுதான் சொல்லுவோம். அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. அதனால் நானும் இதைப் பெட்டி என்றே எழுதுகிறேன்.

என் மகள் 14 வயதில் பறக்கத் தொடங்கினாள். இந்த நாட்டில் அந்த வயதிலேயே கிளைடரில் ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. கார் ஓட்ட விடமாட்டார்கள், வானத்தில் விடுவார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு இயந்திர விமானங்கள் வைத்திருக்கத் தடை வந்தபோது ஜேர்மானிய இளைஞர்கள் இயந்திரமில்லாமலே பறக்கப் பழகினார்கள். ரோன் மலைத்தொடரில் 950 மீற்றர் உயரமுள்ள வாசர்குப்பே மலையில் 1920இல் முதல் போட்டியை நடத்தினார்கள். இவர்கள் மொழியில் இதன் பெயர் ‘பாய்ப் பறப்பு’. பாய்மரக் கப்பலின் பாய்தான். பெயர் நல்லாகத்தான் இருக்கிறது. தாய்க்காரிக்குப் பெயரா முக்கியம்?

1990இல் எனக்கு 17 வயது. வீட்டுக் கோடிக்குள் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை வைத்திருந்தோம். பொம்பர் வரும் சத்தத்தைக் காது முதலில் அறியாது, நாய்தான் அறியும். நாய் ஓடினால் நாங்களும் ஓடுவோம். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகள் ஒரே காலையில் போயின. 1992இல் இங்கே வந்து இறங்கியபின்னும் பல காலம், வானத்தில் ஏதும் இரைந்தால் கை தானாக அடுப்பை நிறுத்தும். கிளைடருக்கோ சத்தமே இல்லை. சத்தம் கேட்டால் ஓடி ஒளிக்கலாம். சத்தமே போடாமல் என் பிள்ளையைக் கொண்டு போகிற ஒன்றை நான் என்ன செய்ய? அவள் முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று நான் கழகத்துக் கார் தரிப்பிடத்தில், காருக்குள், கண்ணாடிகளை மூடிக்கொண்டு இருந்தேன்.

பெட்டி வேலை எனக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். கழகத்தில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருந்தார், 80ஐ நெருங்கியவர். நான் காருக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் தட்டி, ‘மேலே பார்க்கப் பயமென்றால் கீழே ஒரு வேலை இருக்கிறது’ என்றார். அன்றைக்குப் பிடித்த வேலை, ஐந்து வருடமாகிறது.

எங்கள் கழகத்து விமானம் எல்எஸ் 4. 1980இல் முதன்முதலாகப் பறந்த வகை. ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். இறக்கைகளை விரித்தால் நுனிக்கு நுனி 15 மீற்றர். ஆளில்லாமல் நிறுத்துப் பார்த்தால் 240 கிலோ வரையில்தான் வரும். ஒரு பக்க இறக்கையை இரண்டு பேர் தூக்கலாம். பாரமல்ல பிரச்சினை, நீளம்தான். நுனியைப் பிடித்திருப்பவர் ஓரடி தவறி வைத்தால், அடியைப் பிடித்திருப்பவரின் கை முறுகும்.

கழற்றும்போது இறக்கை முதலில், உடல் பிறகு. இறக்கைகளின் அடியிலிருந்து நீளும் சட்டங்கள் உடலுக்குள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. ஒன்று கவர்போல, மற்றது நாக்குப்போல. குறுக்கே உருக்கு ஊசிகள். ஒருவர் இறக்கை நுனியை மெல்ல ஏற்றி இறக்கிக் கொடுக்க, பாரம் விலகும் அந்தக் கணத்தில் ஊசி கையோடு வரும். அடித்துக் கழற்றக் கூடாது. ஊசிகளை உடனே அதற்குரிய தகர டப்பாவுக்குள் போட வேண்டும், சட்டைப் பைக்குள் அல்ல, புல்லின் மேல் அல்லவே அல்ல. ஊசி ஒன்று தொலைந்தால் விமானமே வெறும் பிளாஸ்ரிக்.

இறக்கை நுனி முதலாகப் பெட்டிக்குள் போகும். படுக்க வைப்பதில்லை. முன்விளிம்பு கீழே இருக்க நிமிர்த்தி வைப்பது. அடிப்பக்கம் தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டியில் நிற்கும். நுனி, கம்பளித் துணி ஒட்டிய தாங்கியில் இருக்கும். இரண்டு இறக்கையும் இரு சுவரோரமாக நின்றபின், நடுவிலே உடல் வால் முதலாக உள்ளே போகும். மூக்கு கதவுப் பக்கம். வால் இறக்கைக்கு வேறு இடம், வேறு பட்டி.

கட்டுவதைப் பற்றித்தான் தச்சர் அதிகம் பேசினார். இறுக்கிக் கட்டுவது வேறு, அசையாமல் வைப்பது வேறு என்பார். பட்டியை முறுக்கி முறுக்கி இறுக்கினால் இறக்கை வளைந்து நிற்கும், அந்த வளைவோடு 300 கிலோமீற்றர் குலுங்கும். தளர விட்டால் இரண்டு மில்லிமீற்றர் அசையும். இரண்டு மில்லிமீற்றர் என்ன பெரிதா என்று கேட்கலாம். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தரம் என்று கணக்குப் பாருங்கள், வெள்ளை ஜெல்கோட் பூச்சு தேய்ந்து நார் தெரியும். கம்பளித் துணிக்குள் மணல் இருந்தால் அது அரத்தாள்தான். ஆகவே ஏற்றுவதற்கு முன் தாங்கிகளைத் தூரிகையால் துடைப்பது என் பழக்கம். இறக்கையோரத் தகடுகள் அடித்துக்கொள்ளாமல் கட்டி வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடவும் கூடாது.

என் ஐயாவும் கட்டுவதில் கெட்டிக்காரர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது, அம்மாவின் தையல் மெஷினை சைக்கிள் கரியரில் ரியூப் கீலத்தால் கட்டி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் உருட்டிக்கொண்டு போனார். மெஷின் சாவகச்சேரிக்கு ஒரு கீறலில்லாமல் போய்ச் சேர்ந்தது என்று பிறகு தொலைபேசியில் நாலைந்து தரம் சொன்னார். வேறெதையும் பற்றி அவர் சொல்லவில்லை.

பெட்டியை இழுப்பதிலும் விசயமிருக்கிறது. கொழுவியில் போதிய பாரம் விழாவிட்டால் வேகத்தில் பெட்டி வாலாட்டும். வாலாட்டத் தொடங்கினால் காரையும் ஆட்டும். கொழுவியதும் ஒரு சுற்று நடப்பேன்: கொழுவி பூட்டியிருக்கிறதா, அறுந்தால் பிரேக் பிடிக்கும் கம்பி மாட்டியிருக்கிறதா, முன் சில்லு மேலே ஏறியிருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா. பிறகு இருபது கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, பட்டிகளைத் தொட்டுப் பார்ப்பேன். மகள் சிரிப்பாள்.

காற்று ஏற்றிவிடாத நாட்களில் அவள் எங்காவது வயலில் இறங்குவாள். அது விபத்தல்ல, வழமை. தொலைபேசி வரும். ‘அம்மா, இறங்கீட்டன். கோதுமை வெட்டின வயல். ஒண்டுமில்லை, பெட்டியைக் கொண்டு வாங்கோ.’ அந்த ‘ஒண்டுமில்லை’ காதில் விழும்வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை. போய்ச் சேர்ந்தால், அறுவடை முடிந்த தாள் வயலின் நடுவில் அந்த வெள்ளைச் சாமான் நிற்கும், பக்கத்தில் அவள் கமக்காரருடன் ஜேர்மனில் கதைத்துக்கொண்டு நிற்பாள். மீட்க வருகிறவருக்கு இறங்கியவர் சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்கக் கிளைடர்காரரின் சம்பிரதாயம். நான் இதுவரை ஆறு பீட்சா சாப்பிட்டிருக்கிறேன், எல்லாம் பெற்றோல் நிலையத்துப் பீட்சா.

ஏற்றுவதைவிடப் பூட்டுவதுதான் எனக்குப் பாரம். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் பழையபடி பொருத்த வேண்டும். மூக்கை ஏற்றி இறக்கும் தகடு சரியாகக் கொழுவப்படாமல் மேலே போய்ச் செத்தவர்கள் உண்டு. தச்சர் இதை ஒருமுறைதான் சொன்னார், எனக்கு அதுவே போதும். ஆகவே பூட்டி முடிந்ததும் ஒரு பரிசோதனை. அவள் உள்ளே இருந்து தடியைப் பிடிப்பாள், நான் பின்னால் நின்று வால் தகட்டை உள்ளங்கையால் பிடிப்பேன்.

‘அம்மா, பிடிச்சிருக்கிறீங்களோ?’

‘ஓம்.’

‘இழுக்கிறன்.’

தகடு என் கைக்குள் மேலே எழும்பப் பார்க்கும். நான் விடமாட்டேன். அவள் இழுப்பாள், நான் அமத்துவேன். அவளுடைய பலம் கம்பிகளாலும் தண்டுகளாலும் ஓடி வந்து என் உள்ளங்கையில் தள்ளும். ‘வருது,’ என்பேன். ‘இப்ப தள்ளுறன்.’ ‘வருது.’ இறக்கையோரத் தகடுகளுக்கும் அதே. ஒவ்வொரு தகடாக, வாய்விட்டுச் சொல்லி. தேவைக்கு மேல் சில விநாடி கூடுதலாகத்தான் பிடிக்கிறேன். அவள் ஒன்றும் சொல்வதில்லை, தடியை அப்படியே வைத்திருப்பாள்.

தச்சர் போன மாரியில் காலமானார். அவர் செய்த மரத் தாங்கிகள் பெட்டிக்குள் இருக்கின்றன, பூச்சு மட்டும் புதிது. ஓகஸ்டில் மகள் போட்டிக்குப் போகிறாள். போக வர ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். பெட்டியின் சில்லுகளுக்கு இந்த வருடத்தோடு ஆறு வயது முடிகிறது. ஆறு வயது தாண்டிய ரயர்களோடு 100இல் இழுக்க அனுமதியில்லை, 80தான். பார்வைக்கு அவை நல்லாகத்தான் இருக்கின்றன. இரண்டு புதிய ரயருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும்.