மார்பில் இருந்த கொடி

ஓடிய கால்கள் ஒரு நாட்டினுடையவை. வென்ற பதக்கமோ இன்னொரு நாட்டின் கணக்கில்! 1936 ஆகஸ்ட் 9 அன்று பெர்லின் ஒலிம்பிக்கில் இந்த விந்தை நடந்தது. மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 29 நிமிடம் 19 வினாடிகளில் முடித்து முதலாவதாக வந்தவர் சோன் கீ-சுங்; மூன்றாவதாக வந்தவர் நாம் சுங்-யோங். இருவரும் கொரியர். ஏறியதோ ஜப்பானியக் கொடி! 1910-இல் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டதால், தாய்நாட்டின் பெயரில் ஓட அவர்களுக்கு வழியில்லை. சோனின் பெயரைக்கூட ஜப்பானிய உச்சரிப்பில் ‘கிதெய் சோன்’ என்றே பதிந்தார்கள்.

தங்கம் வென்றவருக்கு அங்கே ஓர் ஓக் மரக்கன்றும் தந்தார்கள். பரிசு மேடையில் தலைகுனிந்து நின்ற சோன், அந்தக் கன்றை மார்போடு அணைத்துச் சட்டையில் இருந்த கொடியை மறைத்துக்கொண்டார். நாமிடம் மறைக்க ஒன்றுமில்லை. தாம் பொறாமைப்பட்டது தங்கத்துக்காக அல்ல, அந்தக் கன்றுக்காகத்தான் என்று அவர் பின்னாளில் சொன்னாராம். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் நாமின் மீதுதான் போகிறது.

சியோலின் ‘தோங்-ஆ இல்போ’ நாளிதழ், கொடியை அழித்துவிட்டுச் சோனின் படத்தை வெளியிட்டது. விளைவு? ஊழியர்கள் கைதானார்கள், இதழ் ஏறத்தாழ 9 மாதங்கள் முடக்கப்பட்டது. 1940-இலோ, குடும்பப் பெயரையே ஜப்பானிய முறையில் மாற்றிக்கொள்ளும்படி கொரிய மக்கள் நெருக்கப்பட்டார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கினால், அப்பா எழுத்துக்கூட்டித் தேடுவது மதிப்பெண்ணை அல்ல, அதில் அச்சாகியிருக்கும் தம் பெயரைத்தான். அதனால்தானோ என்னவோ, இந்தப் பகையில் பெயர் பறிபோன கதையே என்னை அதிகம் தொட்டது.

1965 உடன்படிக்கையில் ஜப்பான் தென்கொரியாவுக்கு 30 கோடி டாலர் கொடையும் 20 கோடி டாலர் கடனும் அளித்தது. அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்பது ஜப்பானின் வாதம். போர்க்காலக் கட்டாய உழைப்புக்கு ஜப்பானிய நிறுவனம் இழப்பீடு தரவேண்டும் என்று 2018-இல் தென்கொரிய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. டாலர் கணக்கை வல்லுநர்கள் பார்க்கட்டும்!

1988 சியோல் ஒலிம்பிக்கில் முதியவர் சோன், சுடரை ஏந்தித் துள்ளிக் குதித்து அரங்குக்குள் ஓடிவந்தார். 1992-இல், அதே ஆகஸ்ட் 9 அன்று, பார்சிலோனாவில் ஹ்வாங் யோங்-சோ ஜப்பானிய வீரரை முந்தி மாரத்தான் தங்கம் வென்றதை நேரில் கண்டார். 2002-இல் மறைந்தார். ஒலிம்பிக் பதிவேட்டில் அவருடைய தங்கம் இன்றும் ஜப்பான் கணக்கில், ‘கிதெய் சோன்’ என்ற பெயரில்தான் இருக்கிறது.