இழை இழையாய் ஒரு பாட்டு

திருப்பூரை அடுத்த மங்கலத்தில் விசைத்தறி ஓடும் ஓசை தெருவில் நடப்போர் செவிக்கும் எட்டும். தறியில் பாவு நூல்கள் தனித்தனியே நிற்கும். ஊடை நூலைச் சுமந்து நாடா குறுக்கே ஓட ஓட, அவை ஆடையாகும். பாட்டையும் இவ்வாறு நெய்யலாம் என்பதற்கு, 1992-ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் 'சின்னச் சின்ன ஆசை' சான்றாகும்.

முன்னாளில் திரைப்பாடலைப் பதிவு செய்வது ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது. பாடுவோரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒருங்கே இசைப்பர். ஒருவர் கை பிசகினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல தடங்களில் பதியும் கருவி இத்தொல்லையை நீக்கிற்று. ஒரே காந்த நாடாவில் ஒவ்வோர் இசைக்கும் ஒரு தடம் உண்டு. ஒன்றைத் திருத்தினால் மற்றவை கெடா. தறிக்கும் ஒலிப்பதிவுக்கும் 'நாடா' என்னும் சொல் பொதுவாய் வாய்த்தது இனிய பொருத்தமே.

இப்பாடலுக்கு இசையமைத்தவர் ஏ. ஆர். ரகுமான். அவருக்கு ஒன்பது வயதானபோது, 1976-இல், இசையமைப்பாளராகிய தந்தை ஆர். கே. சேகர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுத்து அன்னை குடும்பத்தைக் காத்தார். பின்னர்க் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டிச் சிறு ஒலிப்பதிவுக்கூடம் எழுந்தது. கூடம் எழுந்தும், உள்ளே வைக்கக் கருவி இல்லை. வாங்கப் பொருளும் இல்லை. அன்னை தம் நகைகளைக் கொடுத்தார். 16 தடப் பதிவுக்கருவி வந்து சேர்ந்தது.

சிந்தசைசர் என்னும் மின்னணுக் கருவி, நரம்பும் துளையும் இன்றியே ஒலி பிறப்பிக்க வல்லது. ஆயினும், ஒலி பிறந்தால் மட்டும் போதாது. அது உலவ வெளி வேண்டும். கோயில் மண்டபத்தில் கை தட்டினால் ஓசை சற்றே நின்று தேய்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிப்பதிவு அறையின் சுவர்களில் பொருத்திய மென்பொதிவோ எதிரொலியை விழுங்கிவிடும். அங்ஙனம் இழந்த கார்வையைக் கருவியால் வேண்டுமளவு மீட்டுச் சேர்ப்பர். குறைத்தால் குரல் காதருகே நிற்கும். மிகுத்தால் மலையடிவாரத்திலிருந்து வரும். கதவடைத்த அறையில் பிறந்த இசை, திரையில் சிற்றூர்ப் பெண்ணின் பாட்டாய்ப் பரந்த வெளியோடு பொருந்தியது இதனால்தான்.

இயந்திரம் இசைக்குமோ என்று வினவுவார் உளர். எவ்வொலியை எங்கே நிறுத்துவது, எங்கே ஓசையின்றி விடுவது என்பதை இயந்திரம் அறியாது. இரவெல்லாம் விழித்துப் பணிபுரியும் வழக்கமுடைய ரகுமானின் செவியே அதனைத் தேர்ந்தது. அத்தனை மின்னொலிகளுக்கும் நடுவே மின்மினி என்னும் பாடகியின் குரல் செயற்கைப் பூச்சின்றி நின்றது.

அவ்வாண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் இசைக்கு ரகுமானும், பாடலுக்கு வைரமுத்துவும் பரிசு பெற்றனர். ரகுமான் இசையமைத்து வெளிவந்த முதல் திரைப்படம் அதுவே.