எதிர்ப்பொருளை, எதிர்ப்பொருளால்

தாராவியில் காசநோயைத் தமிழர்களும் 'டிபி' என்றே வழங்குகின்றனர். அதைக் கண்டறிய இரத்தம் கொடுத்து முடிவுச் சீட்டு பெறுவது 2012 வரை இந்தியத் தனியார் ஆய்வகங்களில் பெருவழக்காக இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் பரிசோதனைகள் என்பது அன்றைய மதிப்பீடு. அச்சீட்டு சொன்னதெல்லாம் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டா என்பதே. என்றோ தொற்றி அடங்கிய கிருமிக்கும் எதிர்ப்பொருள் எஞ்சியிருக்கலாம். இருமி மெலிந்தவரிடம் அது தென்படாமலும் போகலாம். ஆகவே நோயற்றவர் மாதக்கணக்கில் மருந்துண்ணவும், நோயுற்றவர் நலமென்று நம்பி நெருக்கமான ஓரறை வீட்டுக்குத் திரும்பவும் அச்சீட்டு வழி செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் அதை வேண்டாமென்றது. இந்திய அரசு 2012 ஜூனில் தடை செய்தது. தாராவியை அடுத்த மாகிமில், இந்துஜா மருத்துவமனையில், சோதித்த எம்மருந்துக்கும் அடங்காத நான்கு காசநோயாளிகள் கண்டறியப்பட்ட செய்தி நாட்டை உலுக்கியதும் அவ்வாண்டின் தொடக்கத்தில்தான்.

இதைக்கொண்டு எதிர்ப்பொருளையே ஐயுறுவது பிழை. அப்பரிசோதனை எதிர்ப்பொருளைத் தேடியது. ஆய்வுக்கூடமோ எதிர்ப்பொருளால் தேடுகிறது. இரண்டாம் வேற்றுமைக்கும் மூன்றாம் வேற்றுமைக்கும் உள்ள தொலைவு இங்கே ஒரு நோயாளியின் ஆயுளளவு.

உயிரணுக்கள் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டியும் கழற்றியும் செய்தி அனுப்புகின்றன. கழற்றும் நொதி பாஸ்பட்டேஸ். காசநோய்க் கிருமி 'பிடிபி-ஏ' என்னும் பாஸ்பட்டேஸைத் தன்னை விழுங்கிய உயிரணுவுக்குள் சுரக்கிறது. வான்கூவரில் ஹொராசியோ பாக், யோசெப் அவ்-கே ஆகியோரின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது 'விபிஎஸ்33பி' என்னும் மனிதப் புரதத்தின் பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. அதனால் கிருமியை அடைத்த பை, செரிக்கும் லைசோசோமோடு இணையாமல் நின்றுவிடுகிறது.

இதை நிறுவியதில் எதிர்ப்பொருளுக்குப் பங்குண்டு. இயல்பில் அது குருதியில் திரிவது, உயிரணுவின் உள்ளே புகாதது. எனவே பிடிபி-ஏவை முடக்கும் எதிர்ப்பொருளை விழுங்கணுவே தன்னுள் ஆக்கிக்கொள்ளுமாறு செய்தனர். கிருமியின் வளர்ச்சி குன்றியது. ஆயினும் மனித உயிரணுவிலும் பிடிபி-ஏவுக்கு உறவான புரதம் ஒன்றுண்டு. எதிர்ப்பொருள் தவறிப்போய் அதைப் பற்றினால்? அக்குழு அந்த மரபணுவையே நீக்கிய கிருமியையும் வளர்த்துப் பார்த்தது. அதுவும் அவ்வாறே குன்றியது. கட்டுரையின் வலிமை இந்த இரண்டாம் சாட்சியில்தான் இருக்கிறது. எதிர்ப்பொருளை விலைக்கு வாங்கிப் படமெடுத்து முடிவெழுதும் மாணவர்கள் மறப்பதும் இதையே.

பிடிபி-ஏவைத் தடுக்கும் மருந்து எதுவும் இன்னும் மருந்தகங்களுக்கு வரவில்லை. தாராவியில் வாரக்கணக்கில் இருமலோடு வருபவரிடம் இன்று கேட்கப்படுவது சளி மாதிரி.