கோப்பேங் தாண்டும்போது

காம்பாரிலிருந்து ஈப்போ போகும் பஸ் கோப்பேங் கடைவீதியில் மெதுவாகும். அந்த நேரம் பார்த்து அப்பா சன்னல் பக்கம் திரும்பி, கையை நெற்றிவரை கொண்டுபோய் எடுப்பார். தோட்டத்து முச்சந்தியில் முனீஸ்வரரைத் தாண்டும்போது செய்கிற அதே கும்பிடுதான். ஆனால் கோப்பேங்கில் அவர் கும்பிட்ட இடத்தில் கோயிலும் இல்லை, சூலமும் இல்லை. ஒரு சைக்கிள் கடை, பக்கத்தில் ஒரு காப்பிக்கடை.

"யாருப்பா இங்க?"

"ஜப்பான்காரன் புடிச்ச ஆளுடா. செத்தாரு, வாயைத் தொறக்கல."

சொந்தக்காரர் யாரோ என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பெயர் லிம் போ செங் என்று தெரிந்த பிறகும் அந்த நினைப்பு முழுதாக விலகவில்லை.

அப்பாவுக்கு இதைச் சொன்னவர் காம்பார் தவுக்கே, அதாவது கடை முதலாளி. சம்பளம் வாங்கியதும் அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் அவர் கடையில்தான், கடன் கணக்கில். ஒருநாள் கருவாட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, இதுக்குள்ள வச்சுத்தான் கடுதாசி போகும் என்றாராம். அன்று மாலை நான் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு கருவாடாக வயிற்றைக் கீறிப் பார்த்தேன். நெத்திலியைக்கூட விடவில்லை. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

தவுக்கே சொன்னது கதையல்ல. படை 136 என்ற நேசநாட்டு உளவுப் படையின் ஆட்கள் செய்திகளைக் காலிப் பற்பசைக் குழாயிலும் உப்புக் கருவாட்டிலும் வைத்துத்தான் ஜப்பானியச் சோதனைச் சாவடிகளைத் தாண்டினார்கள். ஈப்போவில் ஒரு கடை, பங்கோர் தீவில் மீன்பிடி ஆட்கள், பீடோர் மலைக்காட்டில் ஜான் டேவிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. இவற்றையெல்லாம் கோத்த நூல் லிம் போ செங். சிங்கப்பூரில் செங்கல்லும் பிஸ்கட்டும் தயாரித்த குடும்பத்துப் பிள்ளை. 1942இல் சிங்கப்பூர் விழும் தறுவாயில் மனைவி மக்களை விட்டு வெளியேறி, இந்தியாவில் பயிற்சி பெற்று, 1943 நவம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் பேராக் கரைக்கு வந்து இறங்கினார். சாவடியில் கேட்டால் வியாபாரி, பெயர் டான் சூன் லிம்.

எங்கள் பக்கம் உளவு என்றாலே நல்ல வார்த்தை இல்லை. தோட்டத்தில் வேலைக்குப் பெயர் எடுக்கும் பெரட்டுக்களத்தில் யார் என்ன முணுமுணுத்தான் என்று தோட்டக் குமாஸ்தாவான கிராணியின் காதில் போடுகிறவனைத்தான் உளவு சொல்றவன் என்பார்கள். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார் என்பது ஆறாம் படிவத்தில் ஒற்றாடலைப் படித்தபோதுதான் தெரிந்தது. என்ன கொடுமை செய்தாலும் தளராதவனே ஒற்றன் என்கிற இடம் வந்ததும் எனக்கு கோப்பேங் ஞாபகம் வந்தது. வாத்தியார் சேர சோழ மன்னர்களை உதாரணம் காட்டிக்கொண்டிருந்தார்.

காம்பாருக்கே ஒரு பெரிய போர்க்கதை உண்டு. 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள், ஊரையொட்டிய மேடுகளில் சண்டை. ஜான் கிரகாம் என்ற கேப்டனும் அவரோடு சீக்கியச் சிப்பாய்களும் துப்பாக்கிமுனைக் கத்தியோடு மேட்டில் ஏறிப் பாய்ந்ததைப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவன் பார்த்தான், எழுதினான். உளவுக்காரனுக்குப் பக்கத்தில் நிற்பவன் எதிரிதான்.

1944 மார்ச்சில் பங்கோர் கண்ணி முதலில் அறுந்தது. அப்புறம் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். 27ஆம் தேதி வாக்கில் கோப்பேங் சாவடியில் லிம் போ செங். பிடித்தது கெம்பெய்தாய், ஜப்பானிய இராணுவப் போலீஸ். அவர்களும் புலனாய்வாளர்கள்தாம், அவர்கள் புலனாய்ந்த விதத்தைச் சொல்ல சிபில் கார்த்திகேசு ஒருவர் போதும். பாப்பான் என்ற ஊரில் (சிரிக்க வேண்டாம், மலாயில் பலகை என்று பொருள்) காட்டுப் போராளிகளுக்கு மருந்து கொடுத்ததற்காக அந்த அம்மையார் பட்ட அடியில் அவருடைய முதுகெலும்பே பழுதானது. அவர் கணவர் யாழ்ப்பாணத் தமிழ் மருத்துவர். சிபில் அடைபட்ட அதே பத்து காஜா சிறையில்தான் லிம் போ செங்கும் கிடந்தார். சித்திரவதையில் பெயர்களைச் சொல்லவில்லை. கூட இருந்தவர்களை வதைப்பதை எதிர்த்துத்தான் பேசினார். மே மாதக் கடைசியில் வயிற்றுக்கடுப்பு கண்டு படுத்தவர், ஜூன் 29 அதிகாலையில் இறந்தார். வயது 35. சிறைக்குப் பின்னால் அடையாளம் எதுவுமில்லாமல் புதைத்தார்கள். மலாயில் பத்து என்றால் கல். ஊர்ப் பெயரிலேயே கல் இருந்தும் அவருக்கு ஒரு கல் நடவில்லை.

அப்பாவுக்கு அப்போது பத்து வயதுக்கு மேல் இருக்கும். பெரிய தாத்தாவை சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள், திரும்பவில்லை. வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. பத்து காஜாவில் ஒரு சீனர் செத்தது தோட்டத்தில் யாருக்குத் தெரியும்?

அப்பாவின் கும்பிடு லிம் போ செங்கோடு நிற்கவில்லை. 1975 நவம்பர் 13 அன்று பேராக் போலீஸ் தலைவர் கூ சோங் கோங்கை ஈப்போவில் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். கார் ஓட்டிய சார்ஜெண்டும் இறந்தார். வானொலியில் கேட்டுவிட்டு அப்பா சாப்பிடாமல் எழுந்தார். அதற்கடுத்த ஈப்போப் பயணத்தில் ஈப்போவுக்குள் நுழையும்போதும் ஒரு கும்பிடு கூடியது.

போர் முடிந்ததும் லிம் போ செங்கின் மனைவி கான் சூ நியோ மூத்த மகனோடு வந்து எலும்புகளை எடுத்துப்போனார். 1946 ஜனவரி 13இல் சிங்கப்பூர் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துப் பக்கம் அடக்கம். 1954இல், அவர் இறந்த அதே ஜூன் 29ஆம் தேதி, எஸ்பிளனேடில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். ஈப்போவில் ஒரு சாலைக்கு அவர் பெயர்.

வேலை தேடிச் சிங்கப்பூர் போனபோது அந்தச் சின்னத்தைப் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பெரிசா இருக்குப்பா. எட்டுப் பட்டை மண்டபம். நாலு வெண்கலச் சிங்கம்."

"கோப்பேங்ல என்ன வச்சிருக்காங்க?"

"சைக்கிள் கடைதாம்பா."

சிரித்தார். அப்புறம் கேட்டார்: "அவரு சொல்லியிருந்தா மலையில இருந்த வெள்ளைக்காரன் கதி?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது அப்பா இல்லை. காம்பாரிலிருந்து தெற்கே, தாப்பாவைத் தாண்டினால் பீடோர். அந்தப் பக்கத்து மலைக்காட்டில் இருந்த ஜான் டேவிஸ் போர் முடியும்வரை ஜப்பானியரிடம் பிடிபடவில்லை.