மூன்று சில்லுத் தள்ளுவண்டி

கட்டாரில் தொழில் பார்க்கும் என் மச்சான், எங்கள் கடைக்குட்டிக்கு மூன்று சில்லுத் தள்ளுவண்டி ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்டார். உங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழக்கூடும்.

1984இல் அமெரிக்காவில் பில் பெக்லர் என்பவர், தம் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓட்டப் பயிற்சி செய்வதற்கென்று உருவாக்கிய வண்டி இது. காற்றடைத்த பெரிய சில்லுகள் என்பதால் எங்கள் கிரவல் ஒழுங்கையிலும் அதிகம் குலுக்காது. ஆனால் மனைவியின் கேள்வி வேறு: “இஞ்சாருங்க, இத மடிச்சி பஸ்ஸுல ஏத்தேலுமா?” நியாயமான கேள்வி. மடித்தாலும் இது இடத்தை அடைக்கும்.

வாங்குவதென்றால் அழகைப் பிறகு பாருங்கள். முன் சில்லு திரும்பும் வகையா? வேகமாகத் தள்ளினால் அது ஆடும். நேராகப் பூட்ட வழியிருக்க வேண்டும். பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பாருங்கள். தோள்களையும் இடுப்பையும் கால்களுக்கு இடையிலும் சேர்த்துப் பிடிக்கும் பட்டி அவசியம். கைப்பிடியில் சந்தைப் பையைக் கொழுவினால் வண்டி பின்னால் கவிழும்.

கழுத்து நிற்காத பச்சைக் குழந்தையை இதில் நிமிர்த்தி இருத்தவே கூடாது. மட்டமாகப் படுக்கக்கூடிய இருக்கை இல்லாவிட்டால் சில மாதம் பொறுங்கள். குழந்தையை வைத்துக்கொண்டு ஓடுவதற்கு ஆறு மாதமாவது கழிய வேண்டும்.

இன்னொன்று. வெயில் படாதிருக்க வண்டியைச் சீலையால் மூடுவதைக் காண்கிறேன். மெல்லிய சீலையானாலும் காற்றோட்டம் அடைபட்டு உள்ளே சூடு ஏறும். பிள்ளையின் முகமும் தாய்க்குத் தெரியாது. வண்டியின் கூடாரத்தை மட்டும் இழுத்துவிடுங்கள், நிழலோரமாகப் போங்கள்.