விலை அதிகம்னா நல்ல ராடா?

மக்களே, ஒரு உண்மையை ஒத்துக்கிட்டுத் தொடங்குறேன். கடையில் ரெண்டு பொருளில் எது நல்லதுன்னு தெரியலைன்னா, விலை அதிகமா இருக்கறதை எடுத்துடுவேன். நீங்களும் அப்படித்தான்னு நினைக்கிறேன். அந்தப் பழக்கம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் எங்க அப்பாவோட 12,000 ரூபாயைக் காலி பண்ணிடுச்சு.

எங்க ப்ராஜெக்ட் ஃபிளை ஃபிஷிங் ராடு. டீமில் ஒருத்தன் ஊட்டிக்காரன். வெள்ளைக்காரங்க நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனைப் பிடிக்க அவன் தாத்தா வச்சிருந்த பழைய ராடைக் காட்டினான். "இதை நாமளே செஞ்சா என்ன?"ன்னு கிளம்பிட்டோம்.

சாதாரணத் தூண்டிலில் முனையில் கட்டின ஈயக்குண்டு பறக்கும், நரம்பு அது பின்னாடி போகும். இதில் அப்படியே தலைகீழ். சின்னக் கொக்கியில் இறகும் நூலும் சுத்திப் பூச்சி மாதிரி செஞ்சிருப்பாங்க. அதுக்கு எடைன்னு சொல்ல ஒண்ணுமே இல்லை. எடை முழுக்க லைனில்தான். '5 வெயிட்' லைனோட முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 9 அடி ராடு ஸ்பிரிங் மாதிரி வளைஞ்சு அந்த 9 கிராமை முன்னாடி தள்ளணும். கை நின்னதும் நுனியும் சட்டுனு அடங்கணும். அது ஆடிக்கிட்டே இருந்தா லைனும் அலை அலையாப் போய்ப் பொத்துன்னு விழும். மீன் ஓடிடும்.

அப்போ நல்ல ராடு எது? அடியிலிருந்து நுனிவரை மெலியும் கணக்கு சரியா இருக்கணும், நுனி லேசா இருக்கணும், துண்டுகள் சேர்ற இடம் இறுக்கமா இருக்கணும். முதலில் இதை மூங்கிலில் செஞ்சாங்க. ஆறு பட்டைகளைச் சீவி அறுகோணமா ஒட்டுவாங்க. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கண்ணாடி இழை வந்தது. 1973-ல் அமெரிக்காவின் ஃபென்விக் கம்பெனி கார்பன் ராடைக் கொண்டுவந்தது. கண்ணாடி இழையைவிடக் கார்பன் இழைக்கு மூணு மடங்கு விறைப்பு, எடையும் குறைவு. அதனால் ராடு மெலிசாச்சு, நுனி சீக்கிரம் அடங்குச்சு.

இன்னைக்கு 100 டாலருக்கும் ராடு உண்டு, 1,000 டாலருக்கும் உண்டு. நான் என்ன யோசிச்சிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். அப்பாகிட்ட காசு வாங்கி, கிடைச்சதிலேயே விலை கூடின கார்பன் துணியை வாங்கினேன். எல்லா இழையையும் நீளவாக்கில் வச்சு உருட்டினோம். வளையறதுக்கு அதுதானே வேணும்?

சோதனைக்கு வில்லியம் ஹேன்மன்னு ஒருத்தர் சொன்ன முறை. ராடோட அடியைப் பிடிச்சுப் படுக்கைவாட்டில் நிறுத்தி, நுனியில் ஒரு பையைத் தொங்கவிடணும். அதில் அமெரிக்க ஒரு சென்ட் காசுகளை ஒவ்வொண்ணாப் போடணும். ராடு நீளத்தில் மூணில் ஒரு பங்கு நுனி இறங்க எத்தனை காசு ஆச்சோ, அதுதான் அதோட பலம். ஆமா, நம்ம செகண்ட் இயர் கேன்டிலீவர் பீமேதான்! நம்ம ஒரு ரூபாய் நாணயம் சீரிஸுக்கு சீரிஸ் எடை மாறும். அதனால் லேப் எடைக்கல்லை வச்சோம்.

பாதி எடைகூட ஏறலை. டப்!

குழாய் வளையும்போது அதோட வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும். அதைத் தாங்கக் குறுக்குவாட்டிலும் இழை சுத்தியிருக்கணும். நாங்க ஒண்ணுகூடச் சுத்தலை. அடுத்த ராடை லேபில் மிச்சம் கிடந்த சாதாரணக் கார்பனில், உள்ளே ஒரு சுத்துக் கண்ணாடி இழை கொடுத்து உருட்டினோம். நுனி மூணில் ஒரு பங்கு இறங்குச்சு, எடையை எடுத்ததும் நேரா நின்னுச்சு.

விலையே பொய்னு சொல்லலை. ரொம்ப மலிவா வாங்கினா வளையங்கள் கழண்டுவரும், துண்டுகள் சரியாச் சேராது. மேல போகப்போக நுனி எடை குறையும், உடைஞ்சா மாத்தித் தர்ற கேரண்டியும் கிடைக்கும். ஆனா ஒரு கட்டத்துக்கு மேல, அந்த வித்தியாசத்தை உணரப் பழகின கை வேணும். ஜோன் வுல்ஃப் என்ற அமெரிக்கப் பெண் 1960-ல் 161 அடி வீசினாங்க. கார்பன் ராடு விற்பனைக்கே வராத காலம் அது. எங்க ராடால் ஊட்டிக்காரன் கிரவுண்டில் 40 அடி வீசினான். அதே ராடு என் கைக்கு வந்ததும் லைன் என் காதில் மாட்டுச்சு. புதுசா ஆரம்பிக்கிறவங்க நடுத்தர விலையில் ஒரு ராடும், நல்ல லைனும் வாங்கிட்டு, மிச்சக் காசில் ஓடைக்குப் போய்ப் பழகலாம்.

உடைஞ்ச அன்னைக்கு ராத்திரி அப்பா போன் பண்ணினார். "அந்த விலை கூடின சாமான் எப்படிப்பா இருக்கு?" "சூப்பரா இருக்குப்பா"ன்னு சொல்லிட்டேன். இன்னும் உண்மையைச் சொல்லலை. ரெண்டு துண்டும் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் கிடக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ நல்ல ராடோட அதையும் எடுத்துட்டுப் போறேன்.